ஓட்டைக் கான்கிரீட்

பாய், லாரி கழுவுகிற குழாயை எங்கள் அக்கா வீட்டு நடைபாதையை நோக்கி நீட்டிப் பிடித்துக்கொண்டு, "விடட்டுங்களா மேடம்?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இருங்க பாய்" என்றேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு ஐப்பசிக் காலை. வெயிலா மழையா என்று முடிவுக்கு வராத வெளிச்சம். கொள்ளிடத்துப் பக்கமிருந்து ஈர மணலின் வாசனை மெதுவாக வந்து சந்துக்குள் நின்றது. எதிர்வீட்டுச் சுவரில் ஒரு பூனை பாதிக் கண்ணை மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தது. இப்போது நினைத்தாலும், அந்தக் காலை நிஜமா, நான் கண்ட கனவா என்று ஒரு கணம் குழம்பிப் போகிறேன்.

அக்கா வாசல்படிக்கு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு ஊன்றுகோலும் மடியில் குறுக்காகக் கிடந்தன. அவள் பாதையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரோக்கியம் மேஸ்திரி காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து நின்று உதட்டை மட்டும் அசைத்தார். ஜெபம் பண்ணுகிறார் என்று தெரிந்தது.

"என்னங்க இது, குண்டு வைக்கப் போற மாதிரி எல்லாரும் நிக்கிறீங்க? தண்ணிதானே அடிக்கப் போறேன்?" என்றார் பாய்.

"அந்தத் தண்ணியில கல்லு பேந்து வந்துச்சுன்னா எங்க அக்கா இந்த வீட்டை விட்டுட்டு மெட்ராஸ் போகணும் பாய். அதான்."

பாய் குழாயைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்கு நான் இரண்டு நிமிடத்தில் கதையைச் சொல்லி முடித்தேன். உங்களுக்கு அவ்வளவு அவசரமாகச் சொல்லப் போவதில்லை.

உடைப்பது என் பிழைப்பு

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு வாசகி, "கான்கிரீட்டில் எழுத என்னம்மா இருக்கிறது? சமையல் எழுதக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார். அம்மணி, நான் எழுதுவதும் ஒருவகைச் சமையல்தான். பொறுமையாகப் படியுங்கள்.

திருச்சி மன்னார்புரத்தில் ஒரு சின்ன பரிசோதனைக் கூடத்தில் வேலை எனக்கு. ஊரில் யார் கட்டடம் கட்டினாலும் அந்தக் கான்கிரீட்டில் கொஞ்சம் கட்டியாக வார்த்து எங்களிடம் கொடுப்பார்கள். நாங்கள் அதைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, பிறகு மெஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு தாங்கியது என்று எழுதித் தருவோம். ஊரெல்லாம் கட்டுகிறது, நான் உடைக்கிறேன். வீட்டுக்காரர் கூட, "உனக்குப் பொருத்தமான வேலைதான்" என்பார்.

எனக்கு அந்தத் தண்ணீர்த் தொட்டி மிகவும் பிடிக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மின்விசிறி கிறுகிறுக்கும் நேரத்தில், அதன் ஓரத்தில் போய் நிற்பேன். பச்சை படிந்த தண்ணீருக்கு அடியில் கட்டிகள் வரிசையாகத் தூங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்காது. உள்ளே சிமெண்ட் தண்ணீரைக் குடித்துக் குடித்து இறுகிக்கொண்டிருக்கும். சத்தமே இல்லாமல் நடக்கிற அந்த வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டே நின்றால் நேரம் போவது தெரியாது. "மேடம், ரிப்போர்ட் கேக்குறாங்க" என்று யாராவது வந்து எழுப்பினால்தான் உண்டு.

பள்ளத்தில் ஒரு வீடு

எங்கள் அப்பா கட்டிய வீடு அது. சித்திரை வீதியிலிருந்து பிரிகிற சந்தில், கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே கொஞ்சம் முற்றம் விட்டுக் கட்டியிருந்தார். கட்டும்போது வீடு உயரத்தில்தான் இருந்ததாம். ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, ரோடு வளர்ந்துவிட்டது. வீடு அப்படியே நின்றது. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அக்கா கலாவதிக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம். ஒரு கால் முழுவதும் பலமில்லை. ஊன்றுகோலோடுதான் நடப்பாள். அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். வீட்டிலேயே இந்தி டியூஷன் எடுக்கிறாள். வெயில் காலத்தில் அவளைப் பிடிக்க முடியாது, கடைக்கும் கோயிலுக்கும் டக் டக்கென்று போய் வருவாள். மழை வந்தால் மட்டும் எல்லாம் நின்றுவிடும். தெருத் தண்ணீர் மொத்தமும் எங்கள் முற்றத்துக்கு இறங்கி வந்து, நாள்கணக்கில் நகராமல் கிடக்கும்.

சின்ன வயதில் எனக்கு அது திருவிழா. முழங்கால் அளவு தண்ணீரில் நான் குதித்துக்கொண்டிருப்பேன். அக்கா ஜன்னலில் உட்கார்ந்து, எது எது மிதந்து போகிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். "பாப்பா, அப்பாவோட செருப்பு காவேரிக்குக் கிளம்பிடுச்சு பாரு." தவளைச் சத்தமும், செம்பழுப்புத் தண்ணீரும், அவள் குரலும் சேர்ந்துதான் எனக்கு மழைக்காலம். அந்தத் தண்ணீர் அவளுக்கு ஒரு சுவர் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

போன வருஷம் ஐப்பசியில் அந்தச் சுவரைத் தாண்டப் பார்த்தாள். தண்ணீருக்குள் பாசி படிந்த சிமெண்ட் தரையில் ஊன்றுகோல் வழுக்கி, விழுந்து, மணிக்கட்டு முறிந்தது. பக்கத்து வீட்டு மாமி பார்த்துத் தூக்கும்வரை தண்ணீரிலேயே கிடந்திருக்கிறாள்.

சென்னையிலிருந்து அண்ணன் ஓடி வந்தார். எங்கள் மூன்று பேரில் மூத்தவர், நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் ஒரு முடிவு எடுத்தால் அவர்களோடு சண்டை போடுவது ரொம்பக் கஷ்டம்.

"கலா, போதும்மா. உனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கேன். லிஃப்ட் இருக்கு. ஒரு படி ஏற வேண்டாம்" என்றார்.

"அங்க எனக்கு யாரைத் தெரியும்ணா?"

"தெரிஞ்சவங்க இருக்கற ஊர்ல நீ தண்ணியில கிடந்தியேம்மா" என்றார் அண்ணன். அவர் கண் கலங்கியிருந்தது.

கடைசியில் அக்கா ஒரு வருஷம் தவணை வாங்கினாள். அடுத்த தீபாவளிக்குள் முற்றத்தில் தண்ணீர் நிற்காமல் செய்தால் அவள் இருக்கலாம். இல்லையென்றால் தீபாவளிக்கு அண்ணன் காரோடு வருவார். அண்ணன் போனதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, நீ சிமெண்ட்டுக்குன்னே படிச்சவ. ஏதாவது பண்ணுடி."

பொரி உருண்டை

முற்றத்தை மேடாக்கினால் தண்ணீர் வீட்டுக்குள் போகும். வெளியே வடிய விடலாமென்றால் தெரு மேலே இருக்கிறது. மிச்சம் இருப்பது ஒரே வழி, கீழே. ஸ்ரீரங்கம் இரண்டு ஆற்றுக்கு நடுவே கிடக்கிற ஊர். கொஞ்சம் தோண்டினால் ஆற்று மணல். எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும். குடிக்க விடாமல் வாயைப் பொத்தியிருந்தது அந்தப் பழைய சிமெண்ட் தரைதான்.

அதனால் ஓட்டைக் கான்கிரீட் போடுவது என்று முடிவு செய்தேன். இதில் மணல் கிடையாது. ஒரே அளவு ஜல்லி, அதைச் சுற்றி சிமெண்ட் கூழ், அவ்வளவுதான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி அப்படியே நிற்கும். தண்ணீர் அந்த வழியாக இறங்கிப் போய்விடும்.

கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடித்திருப்பீர்கள். ஓட்டைக் கான்கிரீட்டும் அதேதான். பொரிதான் ஜல்லி. வெல்லப் பாகுதான் சிமெண்ட் கூழ். பாகு இளகலாக இருந்தால் எல்லாம் அடியில் போய்த் தேங்கும். முறுகிவிட்டால் உருண்டை பிடிக்கும் முன்பே உதிரும். பொரியை யாரும் குறை சொல்வதில்லை. பாகு பதம் தப்பிவிட்டது என்றுதான் சொல்வார்கள். சமையல் கேட்ட வாசகிக்கு இந்தப் பத்தி சமர்ப்பணம்.

அந்தக் கோடை முழுவதும் எனக்குப் பாகு நினைப்பாகவே இருந்தது. பஸ்ஸில் கண்ணை மூடினால் சாம்பல் நிறக் கூழ் கற்களின் மேல் மெதுவாக வழியும். ஒருமுறை அப்படியே தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, கண்டக்டர் எழுப்பித்தான் இறங்கினேன்.

ஒரு குவளை தண்ணீர்

ஆரோக்கியம் மேஸ்திரி எங்கள் வீட்டு வேலைகளுக்கு வழக்கமாக வருகிறவர். கை வேலை பிரமாதம். அவர் பூசிய சுவரில் முகம் பார்க்கலாம். அந்தப் பெருமைதான் எனக்கு எமனாக வந்தது.

பரிசோதனைக் கூடத்தின் பின்புறத்தில் மாதிரிக் கான்கிரீட் பலகைகள் போட்டுப் பார்த்தோம். முதலாவதில் வெறும் சிமெண்ட். தண்ணீரை நான் அளந்து கொடுத்தேன். கூழ் கெட்டியாக இருந்தது, திருச்சி வெயிலில் நொடிக்கு நொடி இறுகியது. நான் போன் பேசத் திரும்பிய நேரத்தில் மேஸ்திரி ஒரு குவளை தண்ணீரைச் சேர்த்துவிட்டார். எந்த மேஸ்திரியும் செய்கிற காரியம் அது. கலவை கரண்டிக்கு மசியாவிட்டால் அவர்களுக்குக் கை சும்மா இருக்காது.

மறுவாரம் பலகை மேல் தண்ணீர் ஊற்றினேன். குளம் மாதிரி நின்றது. பலகையைப் புரட்டிப் பார்த்தால், கூழ் மொத்தமும் வழிந்து அடியில் போய் உறைந்து, கண்ணாடி போல் வழவழவென்று இருந்தது.

"பாத்தீங்களா மேடம், அடிப்பக்கம் என்னா ஃபினிஷிங்!" என்றார் மேஸ்திரி.

"மேஸ்திரி, என் வாயில நல்லா வருது. வேணாம்."

"திட்டிடுங்க மேடம். மனசுல வச்சுக்காதீங்க. பிரஷர் வரும்."

இரண்டாவதில் உமிச் சாம்பல் சேர்த்துப் பார்த்தேன். பக்கத்து அரிசி ஆலைகளில் மலையாகக் கிடக்கிறதே, பயன்படுத்தலாமே என்று ஒரு ஆசை. சாம்பல் சரியாக எரியாமல் கருப்பாக இருந்தது. விட்ட தண்ணீரையெல்லாம் அதுவே உறிஞ்சிக்கொண்டு, சிமெண்ட்டுக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. காய்ந்த பிறகு காலால் தேய்த்தேன். ஜல்லி பொலபொலவென்று உதிர்ந்தது. அக்காவின் ஊன்றுகோலுக்கு அடியில் ஒரு கல் உருண்டால் என்ன ஆகும்? அந்தப் பலகையை அன்றைக்கே குப்பையில் போட்டேன்.

மூன்றாவதில் சிமெண்ட்டில் ஒரு பங்கைக் குறைத்து, அனல் மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலான ஃப்ளை ஆஷ் போட்டேன். கூடவே கூழுக்கு உறுதி கொடுக்கப் புகைபோல் மெல்லிய சிலிக்காப் பொடி ஒரு சிட்டிகை. ஃப்ளை ஆஷின் துகள்கள் உருண்டையானவை. கூழ் தானாகவே வழுக்கிக்கொண்டு போகும், கூடுதல் தண்ணீர் கேட்காது. கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நின்றது. விரலில் கூழ் ஒட்டவில்லை. ஒவ்வொரு கல்லும் ஈரமாக மினுங்கியது. மேஸ்திரியே குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

"இது பழுத்த கலவை மேடம்" என்றார்.

ஒரே ஒரு குறை. ஃப்ளை ஆஷ் சோம்பேறி. சிமெண்ட் ஒரு மாதத்தில் காட்டுகிற பலத்தை அது மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் காட்டும். அதுவரை ஈரமும் வேண்டும். ஆனி மாதத்திலேயே போட்டுவிட்டால் மழைக்காலத்துக்குள் தேறிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஆனிக் கடைசியில் பழைய தரையைப் பெயர்த்து, கீழே சரளை நிரப்பி, முற்றம் முழுக்க ஓட்டைக் கான்கிரீட் போட்டோம். கேட்டுக்குப் போகும் பாதையை மட்டும் மெல்ல ஏறுகிற சரிவாக அமைத்தோம். பாலிதீன் போர்த்தி ஒரு வாரம் மூடி வைத்தோம். பிரித்ததும் அக்கா ஒரு குடம் தண்ணீரை ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். தண்ணீர் தரையைத் தொட்டது, காணாமல் போனது.

"இன்னொரு குடம்" என்றாள்.

அதுவும் போனது. அக்கா கைதட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்கு இன்னும் பத்துக் குடம் தூக்கலாம் போலிருந்தது.

ஆடி வெள்ளி

நான் எல்லாவற்றையும் யோசித்தேன். கல், பாகு, தண்ணீர், வெயில், மேஸ்திரி. கோலத்தை யோசிக்கவில்லை.

எங்கள் சந்தில் அக்காவின் கோலத்துக்குப் பெயர் உண்டு. சின்னப் பலகையில் உட்கார்ந்து, பலகையோடு தன்னையும் நகர்த்தி நகர்த்தி, வாசற்படிக்கு முன்னால் முற்றம் கொள்ளப் போடுவாள். ஆடி முதல் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் உட்கார்ந்து மாவை இழுத்திருக்கிறாள். இழை விழவில்லை. மாவு ஓட்டைக்குள் போய்விட்டது. ஈரமாவில் மாக்கோலம் போட்டுப் பார்த்திருக்கிறாள். அதையும் தரை குடித்துவிட்டது.

மற்றவர்களாக இருந்தால் எனக்குப் போன் பண்ணியிருப்பார்கள். எங்கள் அக்கா தானே வழி கண்டுபிடிக்கிறவள். கோலத்துக்கு முன்னால் செம்மண் இடுகிற வழக்கம் இருக்கிறதே, அதைச் செய்தாள். செம்மண்ணைக் குழைத்து, ஓட்டை தெரியாமல் கனமாக மெழுகி, அது காய்ந்ததும் மேலே கோலம் போட்டாள். சிவப்பில் வெள்ளை. ஆடி வெள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு பூச்சு. தினமும் காலையில் தண்ணீர் தெளிப்பு. தெருவே வந்து பார்த்ததாம். எனக்கும் போட்டோ அனுப்பினாள். "அழகா இருக்குக்கா" என்று நானும் பதில் அனுப்பினேன். போட்டோவில் இருந்த சிவப்பு என் மூளைக்கு எட்டவே இல்லை.

ஆவணியில் ஒரு சாயங்காலம் இடியோடு மழை. மழை விட்டதும் மாமி போன் பண்ணினாள். "ஏன்டிம்மா, நீ என்னமோ ஜலம் நிக்காதுன்னு சொன்னியே? இங்க குங்குமம் கரைச்ச மாதிரி நிக்கறதே!"

ஓடினேன். முற்றம் முழுக்கச் சிவப்புத் தண்ணீர். அக்கா வாசற்படியில் ஊன்றுகோலோடு நின்றுகொண்டிருந்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"யாரு செம்மண் பூசச் சொன்னா உன்னை? நாலு மாசம் தலையால தண்ணி குடிச்சிருக்கேன். ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"ஆடி வெள்ளிக்கு வாசல் வெறிச்சுன்னு கெடக்கணுமாடி?"

"கோலம் முக்கியமா, நீ இந்த வீட்ல இருக்கறது முக்கியமா?"

அக்கா ஊன்றுகோலால் அந்தத் தண்ணீரைத் தொட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கோலம் போடாம இந்த வீட்ல இருந்து என்னடி பண்ணப் போறேன்? அதுக்கு மெட்ராஸ்லயே இருக்கலாமே."

என் கோபம் அப்படியே வடிந்துவிட்டது. அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். இருட்டும்வரை இரண்டு பேரும் அந்தச் சிவப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மழை விட்ட வானம் அதற்குள் தெரிந்தது. அவ்வளவு துக்கத்திலும் அது அழகாகத்தான் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

வாட்டர் சர்வீஸ்

உடைத்துவிட்டு மறுபடி போட நேரம் இல்லை. ஃப்ளை ஆஷ் மறுபடி முதலிலிருந்து தூங்க ஆரம்பிக்கும், மழையும் தீபாவளியும் அதற்காகக் காத்திருக்காது. ஓட்டைகளைச் சுத்தம் செய்வது ஒன்றுதான் வழி. தரை நன்றாகக் காய்ந்ததும் கம்பிப் பிரஷால் சுரண்டி, தூசி உறிஞ்சும் மெஷினால் இழுத்தோம். மேலே இருந்தது வந்தது. உள்ளே இறங்கியது வரவில்லை. அதற்கு வேகமான தண்ணீர் வேண்டும்.

அரியமங்கலத்தில் லாரிகளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்கிற பாயை மேஸ்திரிதான் பிடித்து வந்தார். லாரிச் சக்கரத்தில் ஒட்டிய சேற்றையே பிய்த்து எறிகிற தண்ணீர் அது. பாகு சரியில்லையென்றால் செம்மண்ணோடு ஜல்லியும் பறக்கும். அப்புறம் அந்தத் தரையில் அக்கா ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. ஆரம்பத்தில் நான் "கொஞ்சம் இருங்க பாய்" என்று சொன்னது இதற்காகத்தான்.

கதையைக் கேட்டு முடித்த பாய் அக்காவைப் பார்த்தார். "அல்லா இருக்கான், ஒண்ணும் ஆகாதுங்கம்மா" என்றார்.

"நேரா அடிக்காதீங்க. சாய்ச்சுப் பிடிங்க. கேட்டுப் பக்கமிருந்து ஆரம்பிங்க" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது.

மெஷின் உறுமியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பரிசோதனைக் கூடத்தில் எத்தனையோ கட்டிகள் வெடிப்பதைக் கண் கொட்டாமல் பார்த்தவள் நான். அன்றைக்கு முடியவில்லை. முகத்தில் சிவப்புச் சாரல் அடித்தது. கல் தெறிக்கிற சத்தத்துக்காகக் காதை வைத்துக்கொண்டே நின்றேன். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. அது நீண்டுகொண்டே போனது.

"மேடம், கண்ணத் தொறங்க" என்றார் மேஸ்திரி.

கேட்டிலிருந்து பாதி தூரத்துக்குப் பாதை சாம்பல் நிறத்தில் வெளுத்திருந்தது. ஒவ்வொரு கல்லும் இருந்த இடத்தில் இருந்தது. நான் மண்டி போட்டு உட்கார்ந்து நகத்தால் கீறிப் பார்த்தேன். நகம்தான் உடைந்தது.

"எங்க வேளாங்கண்ணி மாதா" என்றார் மேஸ்திரி.

மாதாவின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் என் யூகம் ஒன்று உண்டு. ஃப்ளை ஆஷ் பலமாக வேண்டுமென்றால் மாதக்கணக்கில் ஈரம் வேண்டும் என்றேன் அல்லவா? அக்கா பூசிய செம்மண் ஓட்டையை அடைத்தது, சரி. தினமும் அவள் தெளித்த தண்ணீரை அதே செம்மண் உள்ளே பிடித்தும் வைத்திருந்தது. ஆடி முழுக்க அந்தத் தரை உலரவே இல்லை. என் தொட்டியில் கட்டிகள் ஊறுவதுபோல் அக்காவின் கோலத்துக்கு அடியில் அது ஊறி இறுகியிருக்கிறது. இதை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"அப்ப நான்தான் உன் கான்கிரீட்டைக் காப்பாத்தியிருக்கேன்" என்றாள்.

"அடைச்சதும் நீதான்."

"அடைச்சா என்ன? காப்பாத்தினேனா இல்லையா?"

பாய் சிரித்துக்கொண்டே மிச்சத்தையும் கழுவி முடித்தார். கோலத்துக்காக மேஸ்திரி வாசற்படியை ஒட்டி அகலமாக ஒரு கடப்பா கல்லைப் பதித்துக் கொடுத்தார். கல் சின்னதாக இருக்கிறது என்று அக்கா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஊரில் மழையே இல்லை. மேகம் வரும், காவிரிப் பாலத்துக்கு மேல் நின்று யோசிக்கும், போய்விடும். கழுவிய தரை நிஜ மழையைத் தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. தீபாவளி நெருங்கியது. அண்ணன் கிளம்பிவிட்டதாகப் போன் செய்தார்.

தீபாவளிக்கு முந்தின நாள்

காலையில் ஆரம்பித்த மழை. திருச்சியையே ஒரு பெரிய வெள்ளைத் துணிக்குள் சுற்றி வைத்தது மாதிரி இருந்தது. மலைக்கோட்டை தெரியவில்லை, பாலத்தின் மேல் போகும்போது ஆறும் தெரியவில்லை. அண்ணனை ஏற்றிக்கொண்டுவந்த கார் மன்னார்புரத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டது. அக்காவின் சாமான்களுக்காகப் பின்பக்கத்தைக் காலியாக வைத்திருந்தார். வழியெல்லாம் என் கண்ணுக்குள் முற்றம், தண்ணீர், தண்ணீரில் அக்கா.

சந்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே குடைக்குள் இரண்டு பேரும் கேட்டுக்கு ஓடினோம். தெருத் தண்ணீர் கேட்டுக்கு அடியில் நுழைந்து சரிவில் இறங்கியது. இறங்கியது, பாதி வழியில் மெலிந்தது, அப்புறம் இல்லை. முற்றம் முழுவதும் மழை விழுந்துகொண்டிருந்தது. எங்கேயும் ஒரு கை அள்ளத் தண்ணீர் நிற்கவில்லை. கற்கள் மட்டும் கழுவிக் கழுவிப் பளிச்சென்று கிடந்தன.

"தண்ணி எங்கம்மா போகுது?" என்றார் அண்ணன்.

"கீழ போகுதுண்ணா" என்றேன்.

"கலா!" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. நானும் கூப்பிட்டேன். அப்போதுதான் கேட்டைப் பார்த்தோம். பூட்டியிருந்தது.

உடனே போன் போட்டேன். நாலைந்து முறை மணி அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் ஒரே பேச்சுச் சத்தம்.

"அக்கா, எங்க இருக்க? மழை கொட்டுது!"

"தெரியுது. இங்கயும் கொட்டுது."

"இங்கன்னா எங்க?"

"உறையூர்ல. கைத்தறிக் கடையில. ஆட்டோ வாசலுக்கு வந்துச்சு, ஏறி வந்துட்டேன். இத்தனை வருஷமா தீபாவளிக்கு நீ எடுத்துட்டு வந்த கலர் ஒண்ணாவது எனக்குப் பிடிச்சிருக்கான்னு நீ கேட்டதே இல்ல பாப்பா."

"அண்ணன் வந்திருக்காரு."

"மழையில ஏன் கிளம்பினாராம்? ரெண்டு பேரும் மாமி வீட்ல உக்காந்திருங்க. எனக்கு இன்னும் ரெண்டு புடவை பாக்கணும். வர நேரமாகும்." போனை வைத்துவிட்டாள்.

நான் சொன்னதை அண்ணன் கேட்டுக்கொண்டார். குடையை என் கையில் கொடுத்துவிட்டு, மழையில் குனிந்து, கேட்டில் தொங்கிய பூட்டைக் கையில் ஏந்திப் பார்த்தார். பித்தளை, புத்தம் புதுசு. அக்கா பக்கத்துத் தெருவரை போனால் மாமிக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டு, கேட்டைச் சும்மா சாத்திவிட்டுத்தான் போவாள். அதைத் தாண்டி அவள் தனியாகப் போனதில்லை.

"இந்த வீட்டுக்கு வெளிப்பூட்டே கிடையாதேம்மா" என்றார் அண்ணன். "இதை எப்ப வாங்கினா?"